கூம்புத் தொட்டிக்கு நான்கு விதி

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை மில்லோ வேறு எஸ்டேட் மில்லோ, கூம்படித் தொட்டியில் மட்டத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரே தலைவலிதான். நிறைந்திருக்கும்போது சாதுவாக இருக்கும் பிஐடி (விலகலைப் பார்த்துப் பம்பை ஏற்றி இறக்கும் வழக்கமான கட்டுப்படுத்தி), தொட்டி வற்ற வற்ற ஆடத் தொடங்கும்.

ஆரம் உயரத்தில் பாதி என்று வையுங்கள். 2 மீட்டர் மட்டத்தில் பரப்பு 3.14 சதுர மீட்டர், 0.5 மீட்டரில் வெறும் 0.196. அதே பம்பு, அதே லிட்டர், ஆனால் மட்டம் 16 மடங்கு வேகமாக நகரும். பம்பும் சென்சாரும் எப்படியும் கொஞ்சம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தோடு 16 மடங்கு சேர்ந்தால் ஆடாமல் என்ன செய்யும்? கீழ்மட்டத்துக்கு ஏற்றபடி டியூன் செய்தால் மேலே தூங்கும்.

இதற்கு ஒரு வழி ஃபஸி கட்டுப்பாடு: மட்டத்துக்கு ஏற்ப பல விதிகளைக் கலந்து பம்பை ஓட்டுவது. ஃபஸி என்றதும் குத்துமதிப்பு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தககியும் சுகேனோவும் 1985-இல் தந்த மாதிரியில், செக்டர் நேரியலின்மை முறைப்படி (நேர்கோட்டில் மாறாத ஒவ்வோர் உறுப்பையும் அதன் பெருமம், சிறுமத்தின் கலவையாக எழுதுவது) விதிகளை எடுத்தால், எல்லைக்குள் அது தோராயமே இல்லை, துல்லியம். இங்கே நேரியலற்றவை இரண்டு: பரப்பின் தலைகீழ் (0.318 முதல் 5.09 வரை), மட்டத்தின் வர்க்கமூலத்தோடு இலக்கு மட்டத்தின் வர்க்கமூலத்தைக் கூட்டியதன் தலைகீழ். ஒவ்வொன்றுக்கும் பெருமம், சிறுமம். ஆக 4 விதி. ஒவ்வொரு விதிக்கும் ஒரு நேரியல் மாதிரி, ஒரு பின்னூட்டப் பெருக்கம். இலக்கில் நிற்க விலகலின் தொகையீட்டை இரண்டாம் நிலையாகச் சேர்க்க வேண்டும்.

நிலைப்புக்கு ஒரே லியபுனோவ் அணி (விலகல் அடங்கும் என்று காட்டும் மேட்ரிக்ஸ்) எல்லா விதிக்கும் பொருந்த வேண்டும். தனித்தனியே 4, ஜோடியாக 6, மொத்தம் 10 அணிச் சமனின்மைகள். வால்வில் கசடு அடைத்து வெளியேற்றக் கெழு 20 சதவீதம் ஏறி இறங்கும் என்றால், இரண்டு எல்லையிலும் அதே பத்தை எழுதுங்கள்: 20. வலுவுறுதி என்பது இங்கே அவ்வளவுதான். மேட்லேபில் இவற்றை எழுத யால்மிப் கருவிப்பெட்டியும், தீர்க்க அதோடு ஒரு சால்வரும் போதும்.

சறுக்கும் இடங்கள் இனிதான். லியபுனோவ் அணிக்குக் கீழ் எல்லை போடாவிட்டால் சால்வர் எல்லாம் பூஜ்யம் என்று விடை தந்துவிட்டு 'முடிந்தது' என்று சொல்லும். விடை வந்ததும் ஒவ்வொரு சமனின்மையின் ஐகன் மதிப்பையும் (சமனின்மை உண்மையில் நிறைவேறியதா என்று அதன் குறி காட்டும்) கையோடு பாருங்கள். பம்பின் உச்ச வரம்பை எழுதிவிட்டு வேகமாகவும் அடங்க வேண்டும் என்று கேட்டால் விடையே கிடைக்காது. குற்றம் சால்வரில் இல்லை, ஆசையில். வரம்பை எழுதாமல் விட்டாலோ பெருக்கங்கள் பூதாகரமாகி, பம்பு முட்டி நிற்க, தொகையீடு குவிந்துகொண்டே போகும்.

ஆவியும் நுரையும் இன்னும் மோசம். நுரையை மட்டம் என்று சென்சார் ஏமாந்தால், வற்றிய தொட்டிக்கு நிறைந்த தொட்டியின் பெருக்கம் போகும். ஏற்கெனவே ஆடும் இடத்திலேயே ஆட்டத்தைக் கூட்டும். வடிகட்டி போடலாம், ஆனால் அதுவும் தாமதம்தான். அதையும் மாதிரியில் சேர்த்துவிட்டுச் சமனின்மைகளை மறுபடி தீர்க்க வேண்டும்.

மட்டம் 0.5-க்குக் கீழே போனால் கணக்கு கைவிடும். 0.3 மீட்டரில் பரப்பின் தலைகீழ் 14.1, எழுதிய எல்லையைப்போல 2.8 மடங்கு. உறுப்பு மதிப்பை (எந்த விதிக்கு எவ்வளவு எடை என்பதை) 0-க்கும் 1-க்கும் இடையில் வெட்டிவிட்டால் பிஎல்சி (ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினி) புகார் சொல்லாது, ஆனால் நிரூபணம் அங்கே கிடையாது. ஒன்று, எல்லையை முதலிலேயே 0.3 வரை இறக்குங்கள்; இல்லையென்றால் 0.5-இல் வெளியேற்ற வால்வை மூடும் இன்டர்லாக் வையுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.