அப்பாவின் ஆடியோகிராம்

அப்பா கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு டிரைவர். பாதி ஆயுள் டீசல் இன்ஜின் பக்கத்திலேயே போனது. இப்போது கூப்பிட்டால் திரும்புகிறார், சொன்னதுதான் பிடிபடுவதில்லை. கேட்டால், "நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க" என்பார்.

முதலில் காது மெஷின் கடை ஒன்றுக்குப் போனோம். தெரு இரைச்சலோடே ஹெட்போன் மாட்டிப் பார்த்து, "60 சதவீதம் போயிடுச்சு" என்று மெஷினை எடுத்து வைத்தார்கள். காதை அளப்பது டெசிபலில், அதாவது எவ்வளவு சத்தம் வைத்தால் கேட்கிறது என்ற அளவில். சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அப்புறம் புதுச்சேரி ஜிப்மர். குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். மெல்லிய 'பீப்' கேட்டாலும் விரலைத் தூக்க வேண்டும். ஹெட்போனில் ஒருமுறை, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிரும் கருவியை வைத்து இன்னொருமுறை. எலும்பு வழி நன்றாகக் கேட்டு, காற்று வழி குறைந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ. பல நேரம் மருந்திலோ ஆபரேஷனிலோ சரியாகும். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகவே இறங்கியிருந்தன. அதாவது உட்காது நரம்பு சார்ந்த குறைபாடு. இரண்டு வகையும் கலந்து வருவதும் உண்டாம்.

சோதனை முடிவைக் கோடாக வரைந்து தந்த தாள்தான் ஆடியோகிராம். அதில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஹெர்ட்ஸ் என்பது அலைவரிசை, எண் கூடினால் சத்தம் கீச்சு. டெசிபல் எண் கூடினால் கோடு கீழே இறங்கும், கேட்பது அவ்வளவு குறைவு. வலது காதில் 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000-இல் 25, 2000-இல் 40. 4000-இல் மட்டும் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி 70-க்கு இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறியது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு வழக்கமாக வரும் பள்ளம் அது. இடதும் ஏறக்குறைய அப்படியே.

முதல் மூன்றின் சராசரி 28. பழைய அட்டவணைப்படி 26 முதல் 40 வரை 'லேசான' குறைபாடு. 4000-ஐயும் சேர்த்தால் சராசரி 39. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அட்டவணையில் 35-க்கு மேல், 50-க்குள் 'மிதமான' குறைபாடு. ஒரே காது, இரண்டு பெயர்! என்னைக் கேட்டால் அந்தப் பெயரைவிடக் கோட்டின் வடிவம்தான் முக்கியம். உயிரெழுத்தின் சத்தம் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் அப்பாவுக்குக் கேட்கிறது. 'ஸ', 'ச' மாதிரி மேலே இருப்பவை நழுவுகின்றன. பேத்தி கீச்சுக் குரலில் பேசினால் கேட்கவே வேண்டாம்.

ஊனமுற்றோர் சான்றிதழுக்கு அலையச் சொன்னார்கள் உறவினர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு வேண்டும், நமக்குக் கிடைக்காது. மேல் அலைவரிசையை மட்டும் கூட்டும்படி ட்யூன் செய்த மெஷின் வாங்கினோம். டிவி சத்தம் குறைந்திருக்கிறது. மீன் மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.