சுனாமி எச்சரிக்கை: கரையிலிருந்து பின்னோக்கி ஒரு நிமிடக் கணக்கு

தேசிய அளவில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு ஒன்றைத் திட்டமிட உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் கருவிகளில்தான் தொடங்கும். எத்தனை நிலநடுக்கமானிகள், எத்தனை மிதவைகள், எந்த செயற்கைக்கோள் என்று போகும். ஊருக்குள் போய் யார் சொல்வது என்ற கேள்வி கடைசியில், பணமும் நேரமும் தீர்ந்த பிறகு வரும். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அலை கரையைத் தொடும் நிமிடத்தில் கணக்கைத் தொடங்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கழித்துக்கொண்டே பின்னால் போனால், கருவியை எங்கே வைக்க வேண்டும் என்பதைக்கூட அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான மையம். இந்தியப் பெருங்கடல் ஓரத்தில் அந்தச் செய்தியை வாங்கி ஊருக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு எதுவும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்றத் தேவையான நேரம் அன்று இருந்தது.

அந்த 120 நிமிடங்களை இப்போது பிரித்துப் பார்ப்போம். அலை 120-ஆவது நிமிடத்தில் வருகிறது. கணிப்பு பிசகலாம் என்பதால் 15 நிமிடம் கையிருப்பு. ஆக, 105-ஆவது நிமிடத்தில் எல்லாரும் மேட்டிலோ உறுதியான மாடியிலோ இருக்க வேண்டும். மேடு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், திடமான ஆள் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேலேயே நடந்துவிடுவார். ஆனால் கணக்குப் போட வேண்டியது வயதானவரையும் கைக்குழந்தை உள்ள தாயையும் வைத்து. நொடிக்கு 0.7 மீட்டர் என்றால் 24 நிமிடம், 25 என்று கொள்வோம். வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டியது 80-ஆவது நிமிடம்.

அடுத்த 15 நிமிடத்தைத்தான் திட்டங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எச்சரிக்கை காதில் விழுந்ததும் யாரும் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டில் கேட்பார்கள், டிவியைப் போடுவார்கள், கடலுக்குப் போனவருக்குப் போன் அடிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளையைத் தேடுவார்கள். இதைப் பொறுப்பின்மை என்று சொல்லிவிட முடியாது, மனிதர்கள் எங்கும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். இந்த நேரத்தைக் குறைக்க ஒரே வழி, ஒரே செய்தி இரண்டு மூன்று வழிகளில், ஒரே நேரத்தில், ஒரே வார்த்தைகளில் வருவது. மைக் செட்டில் ஒன்றும் போனில் வேறொன்றும் வந்தால் 15 நிமிடம் 30 ஆகிவிடும்.

ஆக, செய்தி வீட்டுக்கு வந்து சேர வேண்டியது 65-ஆவது நிமிடம். ஊரின் எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர 10 நிமிடம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஊருக்கு 10, வெளியேற்றலாமா என்று முடிவெடுக்க 10. இவை மூன்றையும் கழித்தால் 35. அதாவது, நிலம் அதிர்ந்த 35-ஆவது நிமிடத்துக்குள் ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் உறுதியான ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மணி நேரம் என்று கேட்கும்போது தாராளமாகத் தோன்றுகிறது. அறிவியலுக்கு அதில் கிடைப்பது அரை மணி நேரம்தான்.

அந்த மையம், இந்தியக் கடல்சார் தகவல் சேவைகளுக்கான தேசிய மையத்தின் சுனாமிப் பிரிவு, 2007 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு பகல் ஆட்கள் உண்டு. முதல் அறிக்கை நிலநடுக்கத்தின் இடம், ஆழம், அளவு ஆகியவற்றை மட்டும் வைத்துப் பத்து நிமிட அளவில் வரும். அலையின் உயரத்தை அந்த நேரத்தில் புதிதாகக் கணித்துக்கொண்டிருக்க முடியாது. பூமியின் தட்டுகள் முட்டிக்கொள்ளும் சுமத்ரா-அந்தமான் பிளவையும், அரபிக்கடலில் பாகிஸ்தான், ஈரான் கரையோரமாக உள்ள மக்ரான் பிளவையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் உடைந்தால் எந்தக் கரையில் எவ்வளவு அலை என்று முன்கூட்டியே ஓட்டி, சேமித்து வைத்திருப்பார்கள். அதிர்ந்தவுடன் பொருத்தமான துண்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்ப்பதுதான் வேலை. (மேற்குக் கரையில் இருப்பவர்கள் மக்ரானை மறந்துவிடக் கூடாது. 1945 நவம்பரில் அங்கிருந்து கிளம்பிய அலை மும்பை வரை வந்தது.)

இங்கே நம்மைப் பெரிதாக ஏமாற்றக்கூடியது, நிலநடுக்கத்தின் அளவு. மிகப் பெரிய பிளவு உடைந்து முடியவே பல நிமிடங்கள் ஆகும். 2004-இல் ஏறக்குறைய 1,300 கி.மீ. நீளம் உடைந்தது. ஹவாய் மையத்தின் முதல் அறிக்கை சொன்ன அளவு 8.0, பிறகு 8.5. உண்மையான அளவு 9.1. ரிக்டர் வகை எண்ணில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்தால், முதல் எண் எவ்வளவு தவறானது என்று புரியும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானிலும் இதேதான் நடந்தது. மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது. ஆனால் அளவு 7.9 என்று கணித்ததால் இவாதே மாகாணத்துக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். 3 மீட்டர்தானே, தடுப்புச் சுவர் இருக்கிறதே என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. எண்ணைத் திருத்தி உயர்த்தியபோது பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது, திருத்தம் போய்ச் சேரவில்லை. அதன்பின் ஜப்பான் முறையை மாற்றியது. 2013 முதல், அளவு 8-ஐத் தாண்டும் என்று தோன்றினால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே வராது, 'மிகப் பெரிய அலை' என்று சொல்லி வெளியேற்றுவார்கள். எண் பின்னால் வரும். இந்த விதியை எல்லா நாடுகளும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நிச்சயமில்லாத எண்ணை மக்கள் கையில் கொடுத்தால், அவர்கள் அதை வைத்துப் பேரம் பேசத்தான் செய்வார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. ஆனால் கடலடி நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் நீர் பெரிதாக மேலெழும்பவில்லை. சுமத்ராவின் பந்தா ஆச்சே நகரில் எல்லாரும் வண்டிகளில் கிளம்பி, சாலைகள் அடைத்துக்கொண்டன. பெரிய அலை வந்திருந்தால் அந்த நெரிசலிலேயே பலர் மாட்டியிருப்பார்கள். வெளியேறும் திட்டத்தில் 'நடந்து போங்கள்' என்று அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நிலநடுக்கம் மட்டும் அலையைச் சொல்லிவிடாது என்பதால்தான் ஆழ்கடல் மிதவை தேவைப்படுகிறது. கடலடியில் கிடக்கும் அழுத்தமானி, நாலைந்து கிலோமீட்டர் நீருக்கு அடியிலிருந்து சில சென்டிமீட்டர் ஏற்ற இறக்கத்தை உணரும். அது ஒலி வழியாக மேலே மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். எங்கே போடுவது? நம் கணக்குக்குத் திரும்புவோம். 35-ஆவது நிமிடத்தில் முடிவு தெரிய வேண்டும். அலை அழுத்தமானியைக் கடந்து உயரம் புலப்படவே சில நிமிடங்கள் வேண்டும், செய்தி அனுப்ப ஒன்றிரண்டு நிமிடம், பார்த்து முடிவெடுக்க இன்னும் கொஞ்சம். ஆக, அலை 20 நிமிடத்துக்குள் மிதவையை அடைய வேண்டும். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கி.மீ.-க்குச் சற்று அதிகமான வேகத்தில் போகும், 20 நிமிடத்தில் 240 கி.மீ. பிளவிலிருந்து அதற்கும் தள்ளிப் போட்டால் தகவல் தாமதம். மிக அருகில் போட்டாலோ நில அதிர்வே அழுத்தமானியைக் குலுக்கி, அலை எது அதிர்வு எது என்று பிரிக்க முடியாமல் செய்துவிடும்.

மிதவைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் மிகச் சாதாரணமான காரணங்களால். மிதவையைச் சுற்றி மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும், படகை மிதவையில் கட்டுவார்கள், கயிறு அறுபடும். சோலார் தகடும் பேட்டரியும் திருட்டுப் போகும். பழுது பார்க்கக் கப்பல் வேண்டும், கப்பலுக்கு டீசல் வேண்டும். மிதவை வாங்கப் பணம் ஒதுக்கிய நாடுகள் கப்பலுக்கு ஒதுக்க மறந்துவிடுகின்றன. இந்தோனேசியா 2004-க்குப் பிறகு போட்ட மிதவைகள் 2012-க்குப் பின் வேலை செய்யவில்லை. வாங்கும் ஆண்டே இருபது ஆண்டுக்கான கப்பல் நாட்களையும் மாற்று மிதவைகளையும் கணக்கில் எழுதாவிட்டால் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

இவ்வளவும் தமிழகம், ஆந்திரம், ஒடிசா கரைகளுக்குப் பொருந்தும். நிகோபாருக்கு இதில் எதுவும் பொருந்தாது. பிளவு காலடியில் இருக்கிறது. மையத்தின் முதல் அறிக்கை வரும்போதே அலை வந்துவிடலாம். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் அலை சேரும் கரைகளுக்கு, மிதவைத் தகவலுக்குக் காத்திராமல் நேரடியாக உச்ச எச்சரிக்கை போகிறது. மற்றக் கரைகளுக்கு ஒரு படி குறைவாகத் தொடங்கி, கடல்மட்டத் தகவல் உறுதி செய்த பிறகு உயர்த்துவார்கள். ஆனாலும் நிகோபாரில் முதன்மையான எச்சரிக்கைக் கருவி நில அதிர்வுதான். நிற்க முடியாத அளவுக்குக் குலுங்கினாலோ, குலுக்கல் நீண்டுகொண்டே போனாலோ, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஏற வேண்டும். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமேலு தீவில் 1907-ஆம் ஆண்டு அலையின் நினைவை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பாட்டாகவும் கதையாகவும் காத்து வந்தார்கள். 2004-இல் ஏறக்குறைய 78,000 பேரில் அலைக்கு இறந்தவர்கள் ஏழு பேர்.

ஆனால் அந்த அறிவை அப்படியே தமிழகக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. இங்கே அதிர்வு லேசாகத்தான் தெரியும். 'கடல் முதலில் உள்வாங்கும், அதைப் பார்த்து ஓடுங்கள்' என்ற பாடமும் இங்கே ஆபத்தானது. 2004-இல் பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இருந்த இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது ஏற்றம். உள்வாங்கல் இரண்டு அலைகளுக்கு நடுவே நடந்தது. உள்வாங்குவதைப் பார்த்தால் ஓட வேண்டும், சரி. உள்வாங்கவில்லை என்பதால் அலை வராது என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது கடைசிக் கிலோமீட்டர். குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போவது, ஆயிரக்கணக்கில் அனுப்பினால் வரிசையில் நிற்கும். செல் ஒலிபரப்பு ஒரு கோபுரத்தின் கீழுள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் போகும், போன் எண் தேவையில்லை. இந்தியாவில் 2023-இல் இதைச் சோதித்தபோது போன்கள் அலறியதைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலு நகரில் நிலநடுக்கத்திலேயே மின்சாரமும் கோபுரங்களும் விழுந்தன. எச்சரிக்கை ஐந்து நிமிடத்தில் வெளியானது, கரையில் இருந்த பலருக்கு வந்து சேரவில்லை.

ஆகவே மின்சாரத்தை நம்பாத வழி ஒன்று ஊரிலேயே இருக்க வேண்டும். 2004-இல் புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் போனில் சொன்ன செய்தியை, அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் மைக் செட்டுகளும் மீன் ஏலக்கூடத்துக் குழாய் ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு 12 வோல்ட் பேட்டரி இணைப்பும், சாவி யாரிடம் என்ற பட்டியலும் போதும். பெரிய சைரன் வைத்தால் நன்றுதான். ஆனால் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும், அலைச் சத்தமும் எதிர்க்காற்றும் இன்னும் விழுங்கும். விற்பவர் சொல்லும் தூரத்தை நம்பாமல், கச்சான் எனும் மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் ஊரின் கடைசி வீட்டு வாசலில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று இணைப்புகளைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை, குறித்த நாளில் ஒலிக்கவிடாத சைரன் தேவைப்படும் நாளில் ஒலிக்காது.

செய்தியின் வார்த்தைகளையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். துறைமுகப் புயல் கூண்டு எண்களை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'மூன்றாம் எண் கூண்டு' என்றால் வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த எண்கள் கப்பல்களுக்கானவை. ஊருக்கு வேண்டியது இப்படி இருக்கலாம்: 'சுனாமி வருகிறது. எட்டரை மணிக்குக் கரைக்கு வரும். இப்போதே பள்ளிக்கூட மாடிக்கு நடந்து போங்கள். வண்டி எடுக்காதீர்கள். ஊர் பஞ்சாயத்து சொல்லும்வரை திரும்ப வராதீர்கள்.' ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம், மூன்று முறை திரும்பச் சொல்லலாம். கடலில் இருப்பவர்களுக்குச் செய்தி நேர்மாறானது: கரைக்கு வராதீர்கள், ஆழத்துக்குப் போங்கள். கரைக்கும் கடலுக்கும் ஒரே அறிவிப்பை அனுப்பினால் படகுகள் அலை உடையும் இடத்துக்கே திரும்பி வரும்.

திரும்பலாம் என்று சொல்வது யார் என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். பாலுவில் எச்சரிக்கை அரை மணி நேரத்திலேயே முடித்துக்கொள்ளப்பட்டது. சுனாமியில் முதல் அலை பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை, இரண்டாவதோ மூன்றாவதோ அதைவிட உயரமாக வரலாம், நடுவே அரை மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி இருக்கலாம். கடைசிப் பெரிய அலைக்குப் பிறகு கடல்மட்டமானிகளில் இரண்டு மணி நேரமாவது அமைதி தெரிந்த பிறகே மையம் விலக்கிக்கொள்ளும் அறிவிப்பைத் தர வேண்டும். சாலையும் மின்கம்பிகளும் பாதுகாப்பானவை என்று மாவட்ட ஆட்சியர் பார்த்து, பிறகு ஊருக்குச் சொல்ல வேண்டும். அதுவரை மாடியில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் குழந்தைகளுக்குப் பாலும் நிழலும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் எத்தனை, எந்த அறையில், சாவி யாரிடம் என்பதையும் அந்த நிமிடக் கணக்கு எழுதிய தாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.