தில்லியில் நான் முதலில் காட்டும் இரண்டு தூண்கள்

தில்லிக்கு வரும் உறவினர்கள் கையோடு கொண்டுவரும் பட்டியலில் செங்கோட்டையும் இந்தியா கேட்டும் தவறாமல் இருக்கும். அவற்றை நான் மறுப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்களை, வேறெங்கோ உருவாகி இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்ட இரண்டு தூண்களிடம்தான் முதலில் அழைத்துச் செல்வேன்.

முதலாவது, குதுப் மினார் வளாகத்திலுள்ள இரும்புத் தூண். 72.5 மீட்டர் உயர மினாருக்குள் ஏறுவதற்கு, 1981ஆம் ஆண்டு நேர்ந்த நெரிசல் விபத்துக்குப் பின் அனுமதியில்லை; ஆகவே அதை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துவிட்டுப் பக்கத்து மசூதி முற்றத்துக்கு வந்துவிடலாம். அங்கே ஏழு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அந்தத் தூண், ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகத் துருவேறி உதிராமல் நிற்கிறது. அதன்மேல் பொறித்துள்ள சமஸ்கிருத வரிகள் புகழும் 'சந்திர' என்னும் அரசனை, குப்த மன்னன் இரண்டாம் சந்திரகுப்தன் என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் படிந்திருக்கிறது என்பது உலோகவியலாளர் தரும் விளக்கம். தூணில் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்புறமாகக் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று நம்பி எத்தனையோ பேர் உரசி உரசி, அடிப்பகுதி மட்டும் வழவழப்பாக நிறம் மாறியிருப்பதை வேலிக்கு வெளியிலிருந்தே காணலாம்.

இரண்டாவது தூணுக்குப் பெரோஸ் ஷா கோட்லா போக வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் கிரிக்கெட் மைதானம்தான் நம் நினைவுக்கு வரும். மைதானத்தை ஒட்டிய கோட்டை இடிபாடுகளுக்குள் நுழைபவர்கள் குறைவு. அங்கே அடுக்கடுக்கான கட்டடம் ஒன்றின் உச்சியில் நிற்கும் 13 மீட்டர் அசோகர் தூண், 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக்கின் ஆணைப்படி, இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து வந்தது. சாய்க்கையில் உடையாமலிருக்க இலவம்பஞ்சைக் குவித்து, நாணலாலும் தோலாலும் சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் யமுனைக்கரை வரை இழுத்து, பிறகு படகுகளில் ஏற்றினார்கள் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. இத்தனை பாடுபட்டுக் கொணர்ந்த சுல்தானுக்கு, அதில் எழுதியிருப்பது என்னவென்று படித்துச் சொல்ல ஒருவரும் இல்லை! 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துகளைப் படித்த பிறகே விஷயம் தெரிந்தது. வழிநெடுக ஆலமரம் நட்டதையும், மாந்தோப்பு வைத்ததையும், கிணறு வெட்டியதையும் அசோகர் தாமே சொல்லும் ஏழாம் தூண் கட்டளை, முழுமையாக இந்த ஒரு தூணில் மட்டுமே இருக்கிறது. 'அசோகர் சாலையோரம் மரங்களை நட்டார்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டுப் பிறகு அதையே கேலிப்பேச்சாக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால், முதன்முறை அதன் கீழே நின்றபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமையன்று போவது நல்லது. கீழேயுள்ள இருண்ட அறைகளில் ஜின்கள் குடியிருப்பதாக நம்பும் மக்கள், மெழுகுவத்திக் கரி படிந்த மாடங்களில் கடிதங்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். ஒரே கடிதத்தை நகலெடுத்து, புகைப்படமும் ஒட்டி, அறைக்கு ஒன்றாக வைப்பவர்களும் உண்டு. தலைநகரத்து அலுவலகங்களில் துறைக்கொரு மனுப் போட்டுப் பழகிய கையல்லவா.