ஷகாலின் தாவீது வெறுங்காலோடு அழுகிறார்

ஓவியர் மார்க் ஷகால் என்றாலே பறக்கும் காதலர்களும் வானத்தில் மிதக்கும் ஆடுமாடுகளும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு அதைவிட, செப்புத் தகட்டில் கறுப்பு வெள்ளையில் பைபிளை எச்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் முறை) செய்த ஷகாலைத்தான் அதிகம் பிடிக்கும்.

1930 வாக்கில் பாரிஸ் ஓவிய வியாபாரி வொலார் பைபிளுக்குப் படம் போடச் சொன்னார். ஷகால் மனுஷன் 1931-ல் பாலஸ்தீனத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1939-ல் வொலார் இறந்தார், போர் வந்தது, யூதர் என்பதால் ஷகால் அமெரிக்காவுக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று, 1944-ல் மனைவி பெல்லா அங்கேயே இறந்துபோனார். கடைசியில் 105 படங்களும் 1956-ல்தான் வெளிவந்தன.

சரி, அதில் எந்தெந்தக் காட்சிகளை எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். உலகத்தையே காப்பாற்றிய நோவா குடித்துவிட்டு ஆடையில்லாமல் கிடக்க, பிள்ளைகள் போர்வை போட்டு மூடுகிற இடம். மனைவி சாராள் இறந்ததும் ஆபிரகாம் அழுகிற இடம். கோபத்தில் மோசே கற்பலகைகளை உடைக்கிற இடம். கோலியாத்தை ஜெயித்த தாவீதும் உண்டு, ஆனால் என்னை உலுக்குவது வயதான தாவீதுதான்: அரசனாக இருந்து அடுத்தவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவையும் போரில் சாகவிட்டவர், பிறகு சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து வெறுங்காலோடு அழுதபடி ஒலிவ மலை ஏறுகிறார்.

யூத வேதம் தன் பெரிய மனிதர்களுக்கு வக்காலத்து வாங்குவதே இல்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்கிறார். யூதர்கள் பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் நாளில் பாவ அறிக்கையைச் சபையே சேர்ந்து சொல்லும், யார் எதைச் செய்தார் என்று பிரிக்காமல். ஷகால் வளர்ந்தது இன்றைய பெலாரஸில் இருக்கும் வீதெப்ஸ்க் நகரத்தின் ஹசிதிய (யூத பக்தி இயக்கம்) வீட்டில், அப்பா ஹெர்ரிங் மீன் கிடங்கில் கூலி வேலை. அதனால்தானோ என்னவோ, அவருடைய முற்பிதாக்கள் பளிங்குச் சிலை மாதிரி நிற்காமல் அந்தத் தெருவில் நடந்துபோகிற தாத்தாக்கள் மாதிரி களைத்துத் தெரிகிறார்கள்.

வண்ணத்துக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். 1956-ல் போட்ட லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) ஒன்றில் தாவீது, பத்சேபாள் இருவர் முகமும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். அழகுதான், ஆனால் செத்துப்போன உரியா எங்கே?

அப்புறம் பிரான்ஸின் நைஸ் நகரில் 1973-ல் திறந்த அவருடைய மியூசியத்தில் இருக்கும் 'ஈசாக்கின் பலி' மட்டும் விதிவிலக்கு; கடவுள் சொன்னதற்காக ஆபிரகாம் மகன் ஈசாக்கை மலையில் பலியிடப் போகிற காட்சி அது. மேலே வலது பக்கம் இயேசு சிலுவை சுமக்கிற காட்சியிலிருந்து சிவப்பு இறங்கி ஆபிரகாம் மேல் வழிகிறது. இடது பக்கம் மரத்தருகே சாராள். பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் அந்த மலையில் சாராளே கிடையாது, ஷகால்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையைக் கூட்டிப்போனவர், அவள் பார்க்கத்தான் கத்தியைத் தூக்கட்டும் என்று ஷகால் நினைத்தாரோ என்னவோ.