மங்கும் படங்களுக்குக் காவல் இருப்பது

காட்சிக்கூடத்தில் என் வேலை, பொருள்கள் மாறாமல் பார்த்துக்கொள்வது. காகிதப் படங்களின் மேல் வெளிச்சம் 50 லக்ஸை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்ட விடமாட்டோம். ஈரப்பதம் சட்டென்று ஏறி இறங்கக் கூடாது. வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். விளக்கை அணைத்தால் அது நிற்கும், போன நிறம் திரும்பாது. இப்படிப் பழகிய இடத்தில் உள்ளூர்க் கலைஞர்கள் மண்ணையும் இலையையும் மரப்பட்டையையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

முதல் கவலை பூச்சி. காய்ந்த கிளையோ விதையோ, எதுவானாலும் காற்றுப் புகாமல் உறையிலிட்டுக் கடுங்குளிரில் வைத்தெடுத்த பிறகுதான் கூடத்துக்குள் வரும். கலைஞர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிப்பதில்லை. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மண்ணை அரைத்துச் சலித்து, பிசினில் குழைத்து வரையும் ஓவியர் ஒருவர் எங்களிடம் காட்சி வைத்தார். தான் நடந்து போகும் தூரத்துக்குள் கிடைக்கும் மண்ணை மட்டுமே எடுப்பார். மஞ்சள் காவி மண்ணைப் பார்வையாளர்கள் முன்னால் சூடாக்குவார். இரும்புத் தாதுவுக்குள் கட்டுண்ட நீர் வெளியேற, மஞ்சள் கண்ணெதிரே சிவப்பாகும். அதன் பிறகு கூட்டம் பேசத் தொடங்கிவிடும். “இது கரை மேல் மண் இல்லை, கீழே தோண்டினால் வருவது” என்று ஒரு பெரியவர் திருத்தினார். மறுநாள் ஒருவர் பையில் மண்ணோடு வந்தார். ‘இயற்கையைக் காப்போம்’ என்று எழுதிய படத்தின் முன் மக்கள் தலையசைத்துவிட்டு நகர்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்த மண்ணின் முன் நின்று வாதாடுகிறார்கள். உள்ளூர்க் கலைஞரின் பலம் இந்த வாதத்துக்கு இடம் கொடுப்பதுதான் என்று நம்புகிறேன்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தவை ஆந்தோடைப் படங்கள். பூவின் அல்லது இலையின் சாற்றைத் தாளில் பூசி, மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் விடுவார்கள். மறையாத இடம் வெளுக்கும். மறைந்த இடம் இலையின் உருவமாக நிற்கும். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷெல் 1842-இல் எழுதிவைத்த முறை இது. அதே ஆண்டு அவர் கண்டுபிடித்த சயனோடைப் என்னும் நீல ஒளிப்பட முறையின் நிறம் நெடுநாள் நிற்கும். இதுவோ எந்த வெளிச்சத்திலும் மங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கலைஞர் திரை இல்லாத சன்னலோரம்தான் வேண்டும் என்றார். என் பயிற்சி முழுவதும் அதற்கு எதிரானது. நெடுநேரம் பேசி ஒரு வழி கண்டோம்: ஒவ்வொரு தாளிலும் பாதியை அட்டையால் மூடிவிடுவது, வாரம் ஒரு முறை சிறிது நேரம் அட்டையை எடுத்துக் காட்டுவது. மூடிய பாதியின் அடர்த்தியைப் பார்த்த பிறகுதான் திறந்த பாதி எவ்வளவு இழந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. அட்டை திறக்கும் நாளுக்காகவே சிலர் மீண்டும் மீண்டும் வந்தார்கள். படம் எந்த நிலையில் இருக்கிறது என்று நான் எழுதும் நிலை அறிக்கையையும் பக்கத்தில் மாட்டச் சொன்னார் கலைஞர்.

ஜெர்மன் கலைஞர் யோசஃப் பாய்ஸ் 1982-இல் ஜெர்மனியின் காசல் நகரில் 7,000 மரங்கள் நடும் பணியைத் தொடங்கியபோது, ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒரு பசால்ட் (எரிமலைப் பாறை) கல்லை நட்டார். 1986-இல் அவர் இறந்தார்; மறு ஆண்டு மற்றவர்கள் அதை முடித்தார்கள். கன்றாக இருக்கும்போது கல் பெரிதாகத் தெரியும். மரம் வளர வளரக் கல் சிறுத்துப்போகும். வளராத ஒன்று அருகில் இருப்பதால் வளர்ச்சிக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எங்கள் அட்டையும் அதைத்தான் செய்தது.

இப்போது இயற்கைப் பொருளோடு வரும் ஒவ்வொரு கலைஞரிடமும், அதே மண்ணிலோ சாற்றிலோ ஒரு சிறு துண்டை இருட்டில் வைத்துக்கொள்ளக் கேட்கிறேன். சிலர் கூடாது என்கிறார்கள். முழுவதும் மறைந்தே போக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.