அப்பாவின் மூளை ரத்த ஓட்டம் பார்த்த கதை

எழுந்து நின்றால் அப்பாவுக்கு வலது கை தொய்ந்துபோகும், சில நிமிடத்தில் சரியாகிவிடும். மன்னார்குடி டாக்டர் அன்றே தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார். அங்கே கழுத்தின் இடது ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருப்பது தெரிந்தது. எம்ஆர்ஐயில் மூளைக்குப் பெரிய சேதமில்லை. ஆனாலும் இன்னொரு எம்ஆர்ஐ எடுக்கணும் என்றார் அங்கிருந்த டாக்டர். "அப்புறம் எதுக்கு சார் இன்னொரு எம்ஆர்ஐ?" என்றேன். முதலில் எடுத்தது சேதத்தைத்தான் காட்டும், அடைப்புக்கு அப்பால் ரத்தம் எவ்வளவு போகிறது என்று சொல்லாது என்றார். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். 20க்கு இறங்கினால் அந்த இடம் வேலையை நிறுத்திவிடுமாம்.

ரத்தம் போகிற வழி படத்தில் தெரிய காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிப் பார்ப்பது ஒரு வழி. அப்பாவுக்குக் கிரியேட்டினின் அதிகம், அதாவது சிறுநீரகம் சரியில்லை, அதனால் அது வேண்டாமென்று ஏஎஸ்எல் (ஆர்டீரியல் ஸ்பின் லேபிளிங்) என்ற எம்ஆர்ஐ முறையில் எடுத்தார்கள். இதில் ஊசியே கிடையாது. கழுத்தில் ஏறும் ரத்தத்துக்கு ரேடியோ அலையால் அடையாளம் வைத்து, ரெண்டு நொடி போல விட்டு ஒரு படம். அடையாளம் இல்லாமல் ஒரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ரத்த ஓட்டம். அதுவும் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சும் என்பதால் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். தலை அசைந்தால் போச்சு.

அறைக்கு வெளியேதான் பெரும்பாடு. வெள்ளி அரைஞாணைக் கழற்ற மாட்டேன் என்று அப்பா ஒரே பிடிவாதம். "செத்தாத்தான் தம்பி இதை அவுப்பாங்க." டெக்னீஷியன் பையன் எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்து, "வெறும் இடுப்பா வேணாம், இதைக் கட்டிக்குங்க ஐயா" என்றான். அதற்கு மேல் அப்பா பேசவில்லை.

படத்தில் இடது பக்கம் இருண்டு கிடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரேடியாலஜி டாக்டர் அவசரப்படவில்லை. நேர்வழி அடைபட்டதால் ரத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வருகிறது, போய்ச் சேருமுன்னே படமெடுத்தால் இல்லாத மாதிரிதான் தெரியும் என்று சொல்லி, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி மறுபடி எடுக்கச் சொன்னார். அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது: "மேட்டூர் தொறந்த மறுநாளே கடைமடையில வந்து நின்னு, தண்ணி வரலைன்னு எழுதிட்டுப் போன கதை."

இரண்டாவது படத்தில் பெரும்பகுதி நிறைந்திருந்தது, ஓரமாக ஒரு பட்டை மட்டும் குறைவு. முழுசாக அடைத்த குழாயைப் பொதுவாகத் திறப்பதில்லையாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை. பிரஷர் திடீரென்று இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

போகிறவர்கள் அந்த சென்டரில் ஏஎஸ்எல் எடுப்பார்களா என்று முதலிலேயே போன் போட்டுக் கேளுங்கள். எம்ஆர்ஐ இருக்கிற இடத்திலெல்லாம் அது இருப்பதில்லை. ரிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த சிடியையும் கேட்டு வாங்குங்கள்.