மோல்மீனில் அம்மா கேட்ட ஜெயம்

2018 ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பர்மாவில் உள்ள மோல்மீன் போய் வந்தேன். வரைபடத்தில் இப்போது வேறு மாதிரி எழுதுகிறார்கள். ரங்கூன் தமிழ் வீடுகளில் இன்னும் அது மோல்மீன்தான். அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, காலில் வீக்கம் வேறு. "ஜட்சன் ஐயர் சபையில் ஒரு தடவை முழங்கால் போடணும்டா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பர்மாவுக்கு வந்து வேதாகமத்தைப் பர்மியத்தில் மொழிபெயர்த்த அமெரிக்க மிஷனரிதான் ஜட்சன் ஐயர்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பா விட்டுப்போன வீட்டின்மேல் ஏழு வருடமாக வழக்கு. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் அம்மா உபவாசம் இருப்பார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஜெபிப்பார். "கர்த்தர் ஜெயம் கொடுப்பார்" என்று சொல்லாத நாள் கிடையாது. எனக்கு அந்த வார்த்தையின்மேல் நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. அம்மாவிடம் அதைச் சொன்னதில்லை.

காலை ரயிலில் கிளம்பினோம். மொத்தமா நெருங்கும்போது அம்மா ஜன்னலை விட்டு அகலவில்லை. தன்ல்வின் ஆற்றின்மேல் பாலம் திறக்கும் வரை ரயில் இக்கரையில் மொத்தமாவோடு நின்றுவிடும், அப்புறம் படகுதான். சின்ன வயதில் அப்படி ஆற்றைக் கடந்த ஞாபகம் அவருக்கு. "அக்கரை விளக்கு தெரியும், ஆனா படகு வர நேரமாகும்" என்றார்.

ஞாயிறு பள்ளியில் படித்த ஜட்சன் கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதோனிராம் ஜட்சனும் மனைவி ஆன் அம்மையாரும் ரங்கூனில் இறங்கியது 1813 ஜூலையில். முதல் விசுவாசியான மாங் நாவ் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். ஆறு வருடம்! ஒரே ஒரு ஆளுக்கு. "நம்ம வழக்கு ஏழு வருஷம்தானே" என்றார் அம்மா. நான் பேசாமல் இருந்தேன்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மா ராஜாவுக்கும் சண்டை மூண்டது. ஜட்சன் அமெரிக்கர்தான், ஆனாலும் உளவாளி என்று தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டுவிட்டார்கள். காலில் மூன்று ஜோடி விலங்கு. ராத்திரியானால் எல்லாருடைய கால்களையும் ஒரு மூங்கிலில் கோத்து மேலே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது தலையணைக் கதை. அவர் பாடுபட்டு எழுதிய பர்மிய புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை ஆன் அம்மையார் முதலில் மண்ணில் புதைத்து வைத்தார். மழைக்காலம் வந்தது, தாள் பூசணம் பிடித்துவிடும் என்று எடுத்து, பஞ்சுக்குள் வைத்துத் தைத்துப் பாயால் சுற்றித் தலையணையாக்கிச் சிறைக்குக் கொடுத்தனுப்பினார். காவலாளிக்குக்கூட ஆசை வராத அளவுக்குக் கல்மாதிரி கடினமாக, அவலட்சணமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாராம். அப்படியும் ஒருவன் எடுத்துக்கொண்டான். ஆன் அம்மையார் நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கினார். 1825 மே மாத வெயிலில் கைதிகளை ஆங்பின்லே சிறைக்கு நடத்திக்கொண்டு போனபோது ஒருவன் மேல்பாயை உருவிக்கொண்டு, பஞ்சுச் சுருளைத் தூர எறிந்துவிட்டான். மாங் இங் என்ற சீஷர், ஐயர் ஞாபகமாக இருக்கட்டும் என்று அந்தச் சுருளை வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே வேதம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துத்தான் பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் வந்த சிப்பாய்களில் மதராஸ் படையினர் ஏராளம். 1826 பிப்ரவரியில் யாந்தபோவில் உடன்படிக்கை எழுதி, அரக்கானையும் தெனாசெரிமையும் வாங்கிக்கொண்டார்கள். ஜெயித்த அந்த ராஜ்யம் 1948இல் கொடியை இறக்கிவிட்டுப் போயிற்று. சுருளுக்குள் கிடந்த எழுத்தை ஜனங்கள் இன்றைக்கும் வாசிக்கிறார்கள்.

மோல்மீனில் ஜட்சன் ஐயரின் சபை 1827இல் தொடங்கியது. நாங்கள் போனது வார நாள், உள்ளே யாருமில்லை. வயதான பெரியவர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்ததும் இதே ஊரில்தான், 1834 ஜனவரி 31. கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஜட்சன் முழங்காலில் நின்றார் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். புடவை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, கர்த்தருடைய ஜெபத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். பெரியவரும் கண்ணை மூடி பர்மியத்தில் சேர்ந்துகொண்டார். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று அம்மா சொல்லும்போது, பெரியவர் வாயிலிருந்து "நைங்ஙான்டோ" என்று வந்தது.

பிறந்தது முதல் கேட்ட சொல். அரசாங்க நோட்டீஸில்கூடப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் உறைத்தது. பர்மியத்தில் 'நைங்' என்றால் வெல்லுதல். ராஜ்யம் என்கிற சொல்லின் தலையிலேயே ஜெயம் நிற்கிறது. நான் வழக்கை ஒரு பக்கம், பரலோக ராஜ்யத்தை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தேன். முதலாவது அவசரம், இரண்டாவது என்றைக்கோ வரப்போவது. வெளியே வந்ததும் பெரியவரிடம், "ஊலே, கர்த்தருக்கு ஜட்சன் ஐயர் வைத்த சொல் தாவர பயாதானே?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். பாலியிலிருந்து வந்த 'தாவர', அசையாதது, நிலைத்து நிற்பது. நாம் மரம் செடிகொடியைத் தாவரம் என்கிறோமே, அதே சொல்தான். அம்மாவிடம் சொன்னதும், "மரம் மாதிரி நிக்கிறவர்" என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வாடகை வண்டியில் முடோன், தன்புசயாட் வழியாகச் சைக்காமி போனோம். தன்புசயாட்டில் போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதையில் செத்த தமிழ்க் கூலிகள் ஆயிரமாயிரம் பேருக்கு அப்படி வரிசையாகக் கல் வைக்க ஆளில்லை. அவர்களையும் பேர் சொல்லி எழுப்புகிற நாள் ஒன்று வரும் என்றுதான் நான் நம்புகிறேன்.

சைக்காமியில் ஆன் அம்மையாரின் கல்லறை. 1826 அக்டோபர் 24இல் காய்ச்சலில் போனபோது வயது 36. கணவர் பக்கத்தில் இல்லை, ஆவாவுக்குப் போயிருந்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போய்விட்டது, தாய்க்குப் பக்கத்திலேயே அடக்கம். கணவருக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர், தலையணை தைத்தவர், அச்சான முழு வேதாகமத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

அம்மா குனிந்து காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார். கடல்காற்று மறுபடி கொண்டுவந்து போட்டது. மறுபடி எடுத்தார். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கும் வரை அங்கேயே இருந்தோம்.

இரண்டு நாளும் அம்மா வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. திரும்பி வரும் ரயில் பாலத்தின்மேல் ஏறும்போது கேட்டேன்: "என்னம்மா, வீட்டு விஷயத்தைக் கேட்கவே இல்லையே?"

அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ராஜ்யம் வரட்டும்னு கேட்டேனே. அதுக்குள்ளதானே இதுவும்."